கோயில் கேட்டின் சாவி

(மே மாத முதல் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மே மாதம் பிறந்துவிட்டது. தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குத் திண்டாட்டம். சென்ற வாரம் திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது, பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "சாமி, பள்ளிக்கூடம் நடந்தா பிள்ளைக ஒரு இடத்துல இருக்குதுகன்னு நிம்மதி. லீவு விட்டா நான் பீடி சுத்துவேனா, இவனுகளைப் பாப்பேனா? போனைக் கையில குடுத்தாத்தான் எனக்கு வேலை ஓடுது. டவுன்ல நீச்சல், கராத்தே, கீபோர்டுன்னு சொல்லித் தாராங்களாம். கேட்டா ஆயிரக்கணக்குல சொல்றாங்க. காசு இருக்கவங்க பிள்ளைகளுக்குத்தான் லீவு போல."

கைப்பேசியைக் கொடுத்ததற்காக அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அன்றைய கணக்குக்குப் பீடி சுற்றிக் கொடுக்காவிட்டால் அந்த வாரம் கூலி குறையும். ஆனால் அவருடைய கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. விடுமுறை என்பது காசு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு நான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு முன் ஒரு பாவ அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் புதிய ஆலயம் கட்டி முடித்தோம். கொத்தனார்களும் பீடித் தொழிலாளர்களும் மாதாமாதம் சேர்த்துக் கொடுத்த காணிக்கையில் எழுந்த ஆலயம். பழைய கோயில் இருந்த இடம் வெறும் மைதானமாகக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். அந்த மே மாதத்தில் ஒருநாள் மாலை, பந்து பறந்து வந்து மாதா கெபியின் கண்ணாடியை உடைத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பந்தைப் பிடுங்கிக்கொண்டேன். அன்றே கேட்டைப் பூட்டினேன். வளாகத்துக்குள் யாரும் விளையாடக் கூடாது என்று ஒரு பலகையும் மாட்டினேன். ஏழைகளின் காணிக்கையைப் பாதுகாப்பது என் கடமை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பங்குப் பேரவையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு வாரம் வளாகம் அமைதியாக இருந்தது. மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம், விளையாட இடம் தேடிய நான்கு சிறுவர்கள் ஊருக்கு மேற்கே கைவிடப்பட்ட கல்குவாரிக்குக் குளிக்கப் போனார்கள். அந்தக் குழிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கரையில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும். அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம். பதினொரு வயதுப் பையன் ஒருவன் வழுக்கி உள்ளே போய்விட்டான். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூச்சல் கேட்டு ஓடிவந்தார். தோளில் கிடந்த துண்டையும் கட்டியிருந்த வேட்டியையும் முடிந்து வீசினார். பையன் பிடித்துக்கொண்டான், பிழைத்தான்.

மறுநாள் அவனுடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். நன்றித் திருப்பலிக்காக நூறு ரூபாயை நீட்டினார். போகும்போது திரும்பி, "சாமி, கேட்டு மட்டும் தெறந்திருந்தா இங்கதான கெடந்திருப்பான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குச் செபிக்க வரவில்லை. கேட்டின் சாவி என் மேசை மேல் கிடந்தது.

பிரியமானவர்களே, அந்த நாள்களில்தான் இறைவாக்கினர் செக்கரியாவின் 8ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். குருமடத்தில் படித்த பகுதிதான். ஆனால் அதுவரை என் மனதில் தைக்கவில்லை. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் கோயிலைக் கட்டிக்கொண்டிருக்கும் காலம் அது. கடவுள் மறுபடியும் தம் நகரில் குடியிருக்கப் போகிறார் என்கிறார் இறைவாக்கினர். அதற்கு அவர் காட்டும் அடையாளம் என்ன? கோபுரம் அல்ல, பொன் பீடம் அல்ல. தெருவில் தாத்தாக்களும் பாட்டிகளும் கையில் கோலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே தெரு நிறையச் சிறுவர் சிறுமியர் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் கடவுள் குடியிருக்கும் ஊரின் காட்சி. செக்கரியாவின் மக்களைப் போல நானும் கோயில் கட்டினேன். கட்டி முடித்ததும் அந்தக் காட்சியை வெளியே தள்ளிப் பூட்டினேன்.

நம் ஆண்டவரும் பிள்ளைகளின் விளையாட்டைக் கூர்ந்து கவனித்தவர். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில், சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். ஒரு குழு குழல் ஊதுகிறது, மற்றவர்கள் ஆடவில்லை. ஒப்பாரி வைக்கிறது, மற்றவர்கள் மாரடித்துப் புலம்பவில்லை. கல்யாண விளையாட்டும் வேண்டாம், சாவு வீட்டு விளையாட்டும் வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். நாசரேத்துத் தெருவில் வளர்ந்தவர் அல்லவா! அன்னை மரியாவும் மாலை வேளையில் வாசலில் நின்று, 'எங்கே போனான் இந்தப் பிள்ளை' என்று தேடியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

செக்கரியா காட்டும் காட்சியில் மூன்றே பொருள்கள் இருக்கின்றன: ஓர் இடம், ஒரு நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு வேண்டியவை இவைதான். முதல் இரண்டும் நம் ஊர்களில் காசில்லாமல் கிடைக்கும். நம்மிடம் தட்டுப்பாடாக இருப்பது மூன்றாவது.

அடுத்த ஞாயிறு பூசையில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகையைக் கழற்றினேன். அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் மாலை 4.30 முதல் 6 மணி வரை மைதானம் பிள்ளைகளுக்கு. வெயில் தாழ்ந்த நேரம் அது. ஒவ்வொரு நாளும் ஓர் அன்பியம் பொறுப்பு. குறைந்தது இரண்டு பெரியவர்கள் வந்து, எல்லாரும் பார்க்கும்படி மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனித்து இருக்கக் கூடாது. நான் உட்பட யாராக இருந்தாலும் இந்த விதி உண்டு. பானையில் தண்ணீர் இருக்கும். சில நாள் யாராவது சுண்டல் அவித்துக் கொண்டுவருவார்கள். 6.30க்குச் செபமாலை. விரும்புகிற பிள்ளைகள் இருப்பார்கள். இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். நாளை மறுபடியும் வருவார்கள்.

முதல் ஆண்டு நாங்கள் வாங்கியவை இரண்டு பந்து, இரண்டு கயிறு, ஒரு பெட்டிச் சாக்குக்கட்டி. ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. மற்றதெல்லாம் நம் மண்ணிலேயே இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அவை தெரியவில்லை. எனவே முதல் வாரம் தாத்தா பாட்டிமார்தான் ஆசிரியர்கள். அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் தெருவிலும் இன்றே தொடங்கலாம்.

வெயில் ஏறிய பகலில் நிழலில் விளையாடப் பல்லாங்குழி இருக்கிறது. பலகை இல்லையென்றால் தரையில் சாக்குக்கட்டியால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் 70. எடுத்து, எண்ணி, அடுத்தடுத்த வட்டத்தில் போட்டுக்கொண்டே போகும்போது, கணக்கென்றால் ஓடும் பிள்ளையும் விரல் விடாமல் கூட்டத் தொடங்கிவிடும். ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு கோட்டுப் படமும் சில கற்களும் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வலியது, ஆனால் ஆடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நின்றால் புலி நகர இடமில்லாமல் அடைபட்டுப் போகும். இதைவிட நல்ல மறைக்கல்விப் பாடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பங்கில் நடக்க முடியாத ஒரு சிறுவன் இருக்கிறான். ஓடும் விளையாட்டில் அவனை யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆடுபுலியில் அவனை இன்றுவரை யாரும் ஜெயித்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். இப்போது அவனிடம் கற்றுக்கொள்ள மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மாலையில் கபடி, பாண்டி, ஏழாங்கல், கண்ணாமூச்சி, கயிறு தாண்டுதல். கபடிக்கு உடம்பும் மூச்சும் தரையில் நான்கு கோடும் போதும். அந்தக் கோட்டுக்குள் எதிராளியின் காலைப் பிடித்த பையன், அவன் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்த்துப் பிடிப்பதில்லை. பார்த்தால் ஆட்டமே நடக்காது. எத்தனையோ மறையுரைகளில் நான் சொல்லியும் நடக்காதது, அந்தப் புழுதியில் தினமும் நடக்கிறது. கிட்டிப்புள் மட்டும் கவனம் வேண்டும். புள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பெரியவர் ஒருவர் நின்று, மற்றவர்களைத் தள்ளி நிறுத்திய பிறகே அடிக்க விடுங்கள்.

நுங்குக் காலம் இது. நுங்கு தின்ற பிறகு கூந்தலை எறிய வேண்டாம். இரண்டு கூந்தலை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. பனை ஓலையைக் கிழித்து மடித்துக் கருவேல முள்ளைக் குத்தினால் காற்றாடி. தானே செய்த வண்டி உடைந்தால் பிள்ளை அழுவதில்லை, இன்னொன்று செய்கிறது. கடையில் வாங்கியது உடைந்தால்தான் அழுகை.

வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. ஓட்டைச் சட்டியில் மண் நிரப்பி ஒரு கைப்பிடி வெந்தயம் தூவச் சொல்லுங்கள். சில நாளில் முளைவிடும். காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தேடிய கண், அந்தச் சட்டியைத் தேடும். சில வாரத்தில் அது கீரையாகிக் குழம்புக்குள் வரும்போது, கீரை என்றாலே முகம் சுளித்த பிள்ளை, "நான் வளர்த்தது" என்று சாப்பிடும். உங்கள் ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் ஒருமுறை கூட்டிப்போய் உறுப்பினராக்குங்கள். கட்டணம் மிகச் சிறியது. வாரம் ஒரு புத்தகத்தை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பீடி சுற்றும் தாய்க்குக் கை வேலையாக இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது!

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசையும்படி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைப் பிள்ளைகளின் உரிமை என்றே சொல்கிறது. உரிமை என்றால் நாம் மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை அல்ல. இதில் பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள், தண்ணீர் பிடி, பாத்திரம் கழுவு என்று அவர்களின் விடுமுறையை நாமே எடுத்துக்கொள்கிறோம். அண்ணனுக்குக் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரம் தங்கைக்கும் வேண்டும். தம்பி இடுப்பில் இருந்தால் அவனையும் தூக்கிக்கொண்டு வரட்டும். மரத்தடியில் பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னும் சில பெற்றோர் கேட்கிறார்கள்: "லீவிலயும் டியூஷன் வச்சாத்தான சாமி அடுத்த வருசம் மார்க் வரும்? விளையாடினா படிப்பு போயிடாதா?" புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் நூலில், விளையாட்டு மனதுக்குத் தேவையான ஓய்வு என்று எழுதுகிறார். அங்கே ஒரு பழைய கதையையும் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பு எய்யச் சொன்னார் யோவான். அவர் பலமுறை எய்தார். இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றார் அந்த மனிதர். மனதும் அப்படித்தான் என்றார் யோவான். நம் பிள்ளைகள் ஜூன் மாதம் பள்ளிக்குப் போகும்போது, நாணைத் தளர்த்தி ஓய்வெடுத்த வில்லாகப் போகட்டும்.

இந்தப் பணியில் நமக்கெல்லாம் வழிகாட்டி புனித தொன் போஸ்கோ. சிறுவயதில் அவர் சந்தைகளில் வித்தைக்காரர்களைப் பார்த்துக் கயிற்றில் நடக்கக் கற்றுக்கொண்டவர்; ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வித்தை காட்டி, கூடவே செபமும் சொல்ல வைத்தவர். 1841 டிசம்பர் 8ஆம் நாள் தூரின் நகரில், ஆலயத்தின் திருப்பண்ட அறைக்குள் தெரியாமல் நுழைந்த ஏழைச் சிறுவன் ஒருவனைக் கோயில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொன்னான். கடைசியில் சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பெரியதொரு துறவறக் குடும்பத்தின் பணி தொடங்கியது. அவருடைய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து, இந்தியாவில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். கோயிலிலிருந்து பிள்ளையை விரட்டிய அந்தப் பணியாளரில் என்னைப் பார்த்தேன். நல்லவேளை, கூப்பிட இன்னும் நேரம் இருந்தது.

இதற்கெல்லாம் விலையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா, மகனுக்குத் துணையாகத் தூரினுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சமைக்கக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். ஒருநாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடித் தோட்டம் முழுவதையும் மிதித்து நாசமாக்கிவிட்டார்கள். பின்னர் ஒருநாள், இனி என்னால் முடியாது, ஊருக்கே போய்விடுகிறேன் என்றார் அந்தத் தாய். மகன் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அவர் போகவில்லை. 1856இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார். எங்கள் மைதானத்திலும் பூச்செடிகள் மிதிபடுகின்றன, ஓடுகள் உடைகின்றன, என் மதியத் தூக்கமும் போய்விட்டது. கெபிக் கண்ணாடியை மாற்றி, முன்னால் கம்பி வலை அடித்திருக்கிறோம். வலைக்குப் பின்னால் நின்று மாதா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

பங்குத் தந்தையரே, ஊர்த் தலைவர்களே, பூட்டிக் கிடக்கும் வளாகமோ சமுதாயக் கூடமோ உங்கள் பொறுப்பில் இருந்தால் மாலையில் ஒன்றரை மணி நேரம் திறந்துவிடுங்கள். தாத்தா பாட்டிமாரே, இனி எதற்கும் பயன்படமாட்டோம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காருங்கள். நீங்கள் அங்கே இருப்பதே பாதி பாதுகாப்பு. பெற்றோரே, எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று கேட்காமல் பிள்ளையை வெளியே விடாதீர்கள். கிணறு, குளம், குவாரிப் பக்கம் பெரியவர் துணையின்றிப் போகக் கூடாது என்று இன்றே சொல்லி வையுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு அரை மணி நேரமாவது கைப்பேசியை வைத்துவிட்டு, அவர்களோடு தரையில் உட்காருங்கள். உங்கள் பிள்ளையிடம் தோற்றுப் பாருங்கள். அந்தச் சிரிப்பை எந்தக் கோடைக்கால வகுப்பிலும் கட்டணம் கட்டி வாங்க முடியாது.

குவாரிக் குழியில் விழுந்து பிழைத்த அந்தச் சிறுவனுக்கு இப்போது பதினான்கு வயது. பீடத்தில் பணி செய்கிறான். மைதானத்தின் கேட்டைத் திறப்பது அவன் பொறுப்பு. தினமும் நாலேகால் மணிக்குப் பங்கு இல்லக் கதவைத் தட்டுவான். "சாமி, சாவி" என்பான். அவன் கையில் அதைக் கொடுக்கும்போதெல்லாம் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

செபிப்போம். அன்பு இயேசுவே, பிள்ளைகளை உம்மிடம் வரவிடாமல் தடுத்தவர்களைக் கடிந்துகொண்டு, அவர்களை அரவணைத்து ஆசி வழங்கினீரே. அவர்களுக்கு நாங்கள் பூட்டிய கதவுகளை எங்களுக்குக் காட்டும். அவர்களோடு உட்கார நேரமும் பொறுமையும் தாரும். இந்த விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாய் வீடு திரும்பும்படி, உம் அன்னையின் பரிந்துரையால் காத்தருளும். ஆமென்.